நான் விடாமல் பார்த்த பருவம்: 2018-19 ரொறன்ரோ ராப்டர்ஸ்

கேள்வி: ஒரு அணியின் பருவம் முழுவதும் கூடவே இருந்து பார்த்திருக்கிறீர்களா? அதில் எது இன்னும் மனதில் நிற்கிறது?

பார்த்திருக்கிறேன். 2018-19 ராப்டர்ஸ்: என்பிஏ என்ற வட அமெரிக்கக் கூடைப்பந்துத் தொடரில் ஆடும் கனடாவின் ரொறன்ரோ அணி. அந்த அணி என்றால் எல்லோரும் அதன் நட்சத்திர வீரர் கவாய் லெனார்ட் என்பார்கள். எனக்கு அது இன்னொரு வீரர் கைல் லௌரியின் பருவம்.

லௌரி 2012இல் எங்கள் அணிக்கு வந்தவர். 2018இல் 59 ஆட்டங்கள் வென்று தொடரின் கிழக்குப் பிரிவில் முதலிடம் பிடித்தோம். பிளேஓஃபில், அதாவது ஏழு ஆட்டத்தில் நாலை முதலில் வெல்பவர் முன்னேறும் கிண்ணச் சுற்றுகளில், கிளீவ்லாந்து எங்களை நாலுக்குப் பூச்சியம் என்று துடைத்து எறிந்தது. அதற்கு முந்தின வருடமும் அதே அணி, அதே கணக்கு. பயிற்சியாளரை நீக்கினார்கள். யூலையில் அணி நிர்வாகத் தலைவர் மசாய் உஜிரி, ஒன்பது வருடம் எங்களோடு இருந்த டிமார் டிரோசனை சான் அன்ரோனியோவுக்குக் கொடுத்து லெனார்டை வாங்கினார். டிரோசன் லௌரியின் உயிர் நண்பர். லெனார்டோ காயத்தால் முந்தின பருவத்தில் ஒன்பதே ஆட்டம் ஆடியவர், ஒப்பந்தமும் ஒரே வருடம். எனக்கும் அன்று கோபம்தான்.

பருவம் நன்றாகவே போனது: 58 வெற்றி. லெனார்டை ஓய்வு கொடுத்துக் கொடுத்து 60 ஆட்டங்களில்தான் இறக்கினார்கள். இளம் வீரர் சியாக்கம் கண்முன்னே வளர்ந்தார், பெப்ரவரியில் மூத்த வீரர் மார்க் கசோல் வந்தார்.

பிளேஓஃபின் முதல் ஆட்டத்தில் ஒர்லாண்டோவிடம் தோற்றோம். லௌரி எடுத்த புள்ளி பூச்சியம். "இந்த ஆள் முக்கியமான நேரத்தில் கவிழ்த்துவிடுவார்" என்று பழைய பேச்சு திரும்பவும் கிளம்பியது.

ஒர்லாண்டோவை வென்று அடுத்த சுற்றுக்குப் போனோம். பிலடெல்பியாவோடு ஏழாவது ஆட்டம் மே 12, அன்னையர் தினம். எங்கள் வீடு நிறைய ஆட்கள். அப்பா கிரிக்கெட் தவிர வேறொன்றும் பார்க்காதவர், தேத்தண்ணியோடு கதிரைக்குப் பின்னால் நின்றார். 90-90. லெனார்ட் வலது மூலைக்கு ஓடி, பிலடெல்பியாவின் எம்பீடின் நீட்டிய கைக்கு மேலால் எறிந்தார். நேரம் முடிந்துவிட்டது, பந்து மட்டும் வளையத்தின் விளிம்பில். இந்தப் பக்கம் இரண்டு துள்ளல், அந்தப் பக்கம் இரண்டு துள்ளல். "உள்ள போகுதோ, வெளியில போகுதோ?" என்று அப்பா கேட்டு முடிக்க முதல் உள்ளே விழுந்தது. தேத்தண்ணி கம்பளத்தில். அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்து 60 ஆட்டம் வென்ற மில்வாக்கி. முதல் இரண்டும் தோல்வி, பிறகு நாலும் வெற்றி. மூன்றாவது ஆட்டம் இரட்டைக் கூடுதல் நேரத்துக்குப் போனது. அன்றிலிருந்து அவர்களின் நட்சத்திரம் யானிஸை மறிக்கும் பொறுப்பைப் பெரும்பாலும் லெனார்டே எடுத்தார். எங்கள் வீரர் ஃபிரெட் வான்விலீட்டுக்கு இடையில் மகன் பிறந்தான். அதன் பிறகு மூன்று ஆட்டங்களில் 17 தடவை மூன்று புள்ளிக்கு எறிந்து 14 போட்டார்! இறுதிச் சுற்றில் கோல்டன் ஸ்டேட் அணியின் டுராண்டும் கிளே தொம்சனும் காயப்பட்டதால்தான் வென்றோம் என்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் மில்வாக்கியை வென்றதை யாரும் அப்படிச் சொல்ல முடியாது.

இறுதிச் சுற்றின் ஐந்தாவது ஆட்டம் ரொறன்ரோவில். வென்றால் கிண்ணம். 105-106. கடைசி எறிதல் இடது மூலையில் லௌரியின் கையில். கோல்டன் ஸ்டேட்டின் டிரேமண்ட் கிரீனின் விரல் பட்டுப் பந்து குறுகிப் போனது. அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை. ஏழு வருடம் ஏச்சு வாங்கிய மனிதருக்கு இதுவுமா என்றிருந்தது.

மூன்று நாள் கழித்து, யூன் 13, கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் ஆறாவது ஆட்டம். அணியின் முதல் 11 புள்ளிகளையும் லௌரியே போட்டார். அடுத்தவர் தொட முதல் அவரே ஓடினார், அவரே எறிந்தார். முடிவில் 26 புள்ளி, 114-110. அமெரிக்காவுக்கு வெளியே இருக்கும் ஓர் அணி என்பிஏ கிண்ணம் வென்றது அதுவே முதல் தடவை. நள்ளிரவில் ஸ்காபரோத் தெருக்களில் ஹோர்ன் சத்தம். அப்பா செருப்பைத் தேடினார். "வா, ரோட்டுக்குப் போய்ப் பாப்பம்" என்றார்.