சாவி யாரிடம் இருக்கிறது?

கேள்வி: அவசர மருத்துவத்தில் எம்.டி. இறுதியாண்டு படிக்கிறேன். சொந்த ஊர் நாகப்பட்டினம் பக்கம் ஒரு மீனவ கிராமம். சுனாமி வந்தபோது எனக்கு ஆறு வயது. அப்போதிருந்தே மனதில் இருந்ததோ என்னவோ, பேரிடர் மருத்துவத்தில்தான் போக வேண்டும் என்று ஆசை. பேராசிரியரிடம் சொன்னால், "அது ஒரு வேலையாம்மா? வெள்ளம் வந்தா எல்லாரும்தான் ஓடப் போறோம்" என்று சிரிக்கிறார். "வருஷத்துக்கு ஒரு புயலுக்காக ஒரு படிப்பா?" என்கிறார் என் கணவர். அத்தைக்கோ, எங்கே அழிவு நடந்தாலும் கைக்குழந்தையை விட்டுவிட்டு நான் ஓடிவிடுவேன் என்று பயம். ஒரு தனியார் மருத்துவமனை நல்ல சம்பளத்தில் கூப்பிடுகிறது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெளிநாடு போய்ப் படித்துவிட்டு வரலாமா என்றும் தோன்றுகிறது. என்ன செய்யட்டும்?
— பெயர் வேண்டாம், நாகை மாவட்டம்

பதில்: 2009-க்கு முன்னால் அவருடைய துறையே எங்கே இருந்தது என்று உங்கள் பேராசிரியரிடம் கேட்கலாம். அந்த வருடம்தான் மருத்துவக் கவுன்சில் அவசர மருத்துவத்தைத் தனித்துறையாக ஏற்றுக்கொண்டது. அதுவரை கேஷுவாலிட்டி என்பது, யார் மேல் மேலிடத்துக்குக் கோபமோ அவரைக் கொண்டுபோய்ப் போடும் இடம். (கேட்டுத் தொலைக்காதீர்கள். வாய்மொழித் தேர்வு முடியட்டும்.)

ஆனால் அவர் சொல்வதில் பாதி உண்மை. 'பேரிடர் மருத்துவர்' என்று பலகை மாட்டிச் சம்பளம் கொடுக்கும் இடம் நம் ஊரில் கிட்டத்தட்ட இல்லை. இந்த வேலையைச் செய்கிறவர்களில் எனக்குத் தெரிந்த எல்லோருமே அவசரப் பிரிவில் நைட் டியூட்டி பார்த்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் இதைச் செய்கிறவர்கள்தான். நானும் அப்படித்தான். இந்த மிச்ச நேரத்தில் செய்வது என்ன என்பதுதான் உங்கள் வீட்டில் யாருக்கும் புரியாமல் இருக்கிறது. ஓடிப்போய் ஹெலிகாப்டரில் ஏறுவது என்று நினைக்கிறார்கள்.

என் கதை ஒன்று சொல்கிறேன். ஊரும் வருடமும் வேண்டாம். ஐப்பசி மழை, இரவு பதினொன்றரை மணி. பைபாஸில் பேருந்து கவிழ்ந்துவிட்டது. முதல் இருபது நிமிடத்தில் வந்தவர்கள் எல்லோரும் ஆட்டோவிலும் வேனிலும் தாங்களே ஏறி வந்தவர்கள். முட்டி சிராய்ப்பு, உதட்டில் வெட்டு. இருந்த கட்டில்களிலெல்லாம் அவர்களைப் படுக்க வைத்துவிட்டோம். அதன் பிறகுதான் 108 வண்டிகள் ஒவ்வொன்றாக வந்தன. இடிபாட்டுக்குள்ளிருந்து எடுத்தவர்களைக் கிடத்த இடமில்லை. உலகம் முழுக்க இதே கதைதான்: லேசான அடிபட்டவர்கள் முதலில் வந்து சேர்வார்கள். பாடத்தில் நானும் படித்திருந்தேன்.

காயத்தின் தீவிரத்தைப் பொறுத்துக் கட்டிவிடும் சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு அட்டைகள் எங்களிடம் இருந்தன. ஆய்வுக்கு வந்தவர்களிடம் பெருமையாகக் காட்டியிருக்கிறோம். அன்றைக்கு அவை இருந்த அலமாரி பூட்டியிருந்தது. சாவி ஸ்டோர் பார்மசிஸ்டிடம். அவர் வீட்டில், போன் சுவிட்ச் ஆஃப். மைக்ரோபோர் டேப்பைக் கிழித்து, ஸ்கெட்ச் பேனாவால் எழுதி நெற்றியில் ஒட்டினோம். மழையில் நனைந்து வந்த நெற்றிகள். மை கரைந்தது. ஒருவருக்கு எழுதியது அழிந்துபோக, ஏற்கெனவே பார்த்தாயிற்று என்று நினைத்து ஸ்கேன் அறைக்கு வெளியே விட்டுவிட்டோம். அவருக்கு மண்ணீரல் கிழிந்திருந்ததைக் கண்டுபிடிக்க மூன்று மணி நேரம் ஆனது. பிழைத்துக்கொண்டார். அவர் பிழைத்தது எங்கள் கெட்டிக்காரத்தனத்தால் இல்லை.

அடுத்த வாரம் துணிக்கடைக்குப் போய் நான்கு நிறத்தில் ரிப்பன் வாங்கினேன், நிறத்துக்குப் பத்து மீட்டர். நனைந்தாலும் ஒன்றும் ஆகாது, மணிக்கட்டில் ஒரு முடிச்சுப் போட்டால் போதும். 'ரிப்பன் எந்தத் தலைப்பின்கீழ்?' என்று கேட்டு அக்கவுண்ட்ஸ் பிரிவு பில்லைத் திருப்பி அனுப்பியது. கைக்காசு போனது. அலமாரியின் பூட்டையும் கழற்றிவிட்டோம். நடக்க முடிந்தவர்களை வாசலிலேயே பிரித்து ஓ.பி. வராந்தாவில் உட்கார வைக்கும் பொறுப்பை செக்யூரிட்டி அண்ணனுக்குக் கொடுத்தோம். மூன்றே ஒத்திகையில் அவர் எங்கள் ஹவுஸ் சர்ஜன்களைவிட நன்றாகப் பிரித்தார்.

பேரிடர் மருத்துவம் என்று நான் சொல்வது இதைத்தான். சாவி யாரிடம் இருக்கிறது, ஜெனரேட்டர் தரைத்தளத்துக்குக் கீழே இருக்கிறதா, ஆக்சிஜன் எத்தனை மணி நேரத்துக்கு வரும். 2015 டிசம்பரில் சென்னையில் தண்ணீர் ஏறியபோது இந்தக் கேள்விகளை முன்கூட்டியே கேட்டு வைத்திருந்த இடங்களுக்கும் கேட்காத இடங்களுக்கும் என்ன வித்தியாசம் என்று பார்த்தோம்.

டோக்கியோவில் செயின்ட் லூக்ஸ் மருத்துவமனையில் ஷிகேயாகி ஹினோஹரா என்ற மூத்த மருத்துவர் இருந்தார். போர்க்காலத்தில் டோக்கியோ குண்டுவீச்சில் எரிந்தபோது, அடிபட்டவர்களைப் படுக்க வைக்க இடமில்லாமல் தவித்தது அவர் மனதிலேயே நின்றுவிட்டது. 1992-ல் புதுக் கட்டடம் எழும்பியபோது நடைபாதைச் சுவர்களிலும், வழிபாட்டுக் கூடத்திலும்கூட ஆக்சிஜன் குழாய் பதிக்கச் சொன்னார். அனாவசியச் செலவு என்று முணுமுணுத்தார்கள். 1995 மார்ச்சில் டோக்கியோ சுரங்க ரயிலில் பயங்கரவாதிகள் சரின் என்ற விஷவாயுவைப் பரப்பினார்கள். அன்று ஒரே நாளில் அந்த மருத்துவமனைக்கு வந்தவர்கள் 640 பேர். அந்தக் கூடமே வார்டாக மாறியது.

இதை இங்கேயே நிறுத்தினால் நல்ல கதை. ஆனால் வந்தவர்களின் உடையில் விஷம் இருந்தது. கூடத்தில் காற்றோட்டம் போதவில்லை. உடையைக் கழற்றிக் கழுவிவிட்டு உள்ளே விட ஏற்பாடு இல்லை. மருத்துவமனை ஊழியர்களிலேயே நூறு பேருக்கு மேல் கண் மங்கியது, தலை வலித்தது. அவ்வளவு தூரம் யோசித்தவருக்கும் ஒன்று விட்டுப்போயிற்று. அதை மறைக்காமல் எழுதி வைத்தார்கள். அதனால்தான் இன்று நீங்களும் நானும் அதைப் படிக்கிறோம். உங்கள் கணவருக்குச் சொல்லுங்கள், இந்தப் படிப்பு புயலுக்கு மட்டும் இல்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்தவர்கள் வரிசையாக வந்தபோது, அங்கே டியூட்டியில் இருந்தவர்களுக்கு அது பேரிடர்தான். வானிலை அறிக்கை எதுவும் சொல்லவில்லை.

கற்பிக்கும் பக்கத்தைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. உங்களுக்கு அதுதான் சரியாக வரும் என்று எனக்குப் படுகிறது. சுமத்ராவுக்குப் பக்கத்தில் சிமெலுவே என்று ஒரு தீவு. 1907-ல் அங்கே ஒரு பேரலை வந்து பலரைக் கொண்டுபோனது. தப்பியவர்கள் அதற்கு 'ஸ்மோங்' என்று பெயர் வைத்தார்கள். நிலம் குலுங்கி, கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு என்று பாட்டாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தார்கள். 2004-ல் நிலநடுக்கம் மையம் கொண்ட இடத்துக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்தும், 70,000-க்கு மேல் மக்கள் இருந்த அந்தத் தீவில் இறந்தவர்கள் ஏழு பேர். நாகை மாவட்டத்தில் 6,000-க்கும் மேல். கடற்கோள் என்ற சொல் நம் புத்தகத்தில் இருந்தது, கரையில் இல்லை. உங்கள் கிராமத்தில் நான் வந்து பேசினால் டீ கொடுத்து அனுப்பிவிடுவார்கள். நீங்கள் பேசினால் கேட்பார்கள்.

புயல் முடிந்த நாலாம் நாள் முகாமுக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் காயமே இருக்காது. பிரஷர் மாத்திரை தீர்ந்திருக்கும். இன்சுலின் கரண்ட் இல்லாத ஃபிரிட்ஜில் கெட்டிருக்கும். ஈர மணல் நிரப்பிய பானைக்குள் சின்ன மண்கலயத்தை வைத்து, அதில் இன்சுலினை வைத்தால் சூடு ஏறாமல் இருக்கும் என்பதை ஐப்பசி பிறப்பதற்கு முன்னால் யாராவது சொல்லியிருக்க வேண்டும். டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள் யார், ஒன்பது மாதக் கர்ப்பிணிகள் யார் என்ற பட்டியல் கிராம செவிலியரிடம் இருக்க வேண்டும். இதற்கெல்லாம் குழந்தையை விட்டுவிட்டு எங்கேயும் ஓட வேண்டாம். இடுப்பில் வைத்துக்கொண்டே சொல்லலாம்.

சரி, முடிவுக்கு வருகிறேன். தனியார் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு நிபந்தனையோடு. அந்த மருத்துவமனையின் பேரிடர்த் திட்டத்தை எழுதுவதும் ஒத்திகை நடத்துவதும் உங்கள் பொறுப்பு என்று ஆர்டரிலேயே போடச் சொல்லுங்கள். அங்கீகாரச் சான்றிதழுக்காகவாவது அவர்களுக்கு ஒத்திகை தேவை, சந்தோஷமாகத் தருவார்கள். ஃபோட்டோ எடுப்பதற்காக மட்டும் நடத்தச் சொன்னால், ஃபோட்டோவுக்குப் பிறகு இன்னொன்று நடத்துங்கள், சொல்லாமல், ராத்திரி இரண்டு மணிக்கு. சம்பளம் வரட்டும். வீட்டில் சத்தம் குறையும்.

வெளிநாடு இப்போது வேண்டாம். இத்தாலியின் நோவாரா நகரில் உள்ள பல்கலைக்கழகமும் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸில் உள்ள ஒரு பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தும் பேரிடர் மருத்துவ முதுநிலைப் படிப்பில் பெரும்பகுதி இணையவழிதான், நேரில் போக வேண்டியது சில நாட்களே. இரண்டு மழைக்காலம் ஒரு மருத்துவமனையில் பார்த்துவிட்டுப் போங்கள். கேட்பதற்கு உங்களிடம் கேள்விகள் இருக்கும். அதுவரை டெல்லியில் தேசிய பேரிடர் மேலாண்மை நிறுவனம் நடத்தும் குறுகிய பயிற்சிகளே போதும்.

அத்தையிடம் எப்படிப் பேசுவது என்று எனக்கு ஒரு யோசனை. அவருக்கு பிரஷரோ சர்க்கரையோ இருந்தால், மாத்திரை டப்பாவை இன்று இரவு எடுத்துப் பாருங்கள். எத்தனை நாளைக்கு இருக்கிறது என்று அவரையே எண்ணச் சொல்லுங்கள்.