பல்வலியோடு டிசம்பர் வரை காத்திருக்க வேண்டாம், தம்பி

தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்தேன். செப்டம்பரில் எம்.எஸ்சி. படிக்க பர்மிங்காம் வந்திருக்கிறீர்கள். நாலு நாளாகக் கடைவாய்ப் பல் வலி, நேற்றிலிருந்து கன்னம் லேசாக வீக்கம். பக்கத்தில் இருக்கும் தனியார் கிளினிக்கில் ரூட் கேனாலுக்கு 650 பவுண்டு கேட்டார்கள், கணக்கில் இருப்பது 300. மாத்திரை போட்டுக்கொண்டு டிசம்பரில் மதுரைக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாமா என்று கேட்கிறீர்கள்.

வேண்டாம். இதைப் படித்து முடித்ததும் அரசு மருத்துவ உதவி எண்ணான 111-க்கு போன் போடுங்கள். இருபத்து நாலு மணி நேரமும் எடுப்பார்கள், கட்டணம் கிடையாது. வலி, வீக்கம், எத்தனை நாளாக என்று மூன்றையும் சொல்லுங்கள். வீக்கத்தை மறக்காமல் சொல்ல வேண்டும். உங்கள் பகுதியில் எந்தப் பல் மருத்துவரிடம் அவசர நேரம் கிடைக்கும் என்று அவர்கள் வழி காட்டுவார்கள். ஆங்கிலத்தில் பேசத் தயங்குகிறவர்கள் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். இங்கே குடும்பத்தோடு இருப்பவர்கள் இதை அம்மா, மனைவி எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

அந்த அவசர நேரம் என்.எச்.எஸ்., அதாவது இங்கே அரசு நடத்தும் மருத்துவ சேவையின் கணக்கில் வருவது. இங்கிலாந்தில் அதற்கு ஒரே கட்டணம்: 2025 ஏப்ரல் நிலவரப்படி 27.40 பவுண்டு. மருந்து வைத்துத் தற்காலிகமாக அடைத்தாலும், சீழை வடியவிட்டாலும், பல்லையே பிடுங்கினாலும் அதுதான். அந்த அவசர சிகிச்சையை முடிக்க இன்னொரு முறை வரச் சொன்னாலும் மறுபடி வாங்க மாட்டார்கள். ஆன்டிபயாட்டிக் சீட்டு எழுதினால் மருந்துக்கடையில் 9.90 ஆகும். அதாவது உங்கள் கையில் இருக்கும் 300-க்குள் இது தாராளமாக அடங்கும்.

விசாவுக்கே வருஷத்துக்கு 776 பவுண்டு ஹெல்த் சர்சார்ஜ் என்ற மருத்துவக் கட்டணம் கட்டினோமே, அப்புறம் பல்லுக்கு ஏன் தனியாக என்று கேட்டிருந்தீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் இந்தப் பல் கட்டணம் வெளிநாட்டு மாணவர்களுக்கென்று போட்டதல்ல. இங்கேயே பிறந்து வளர்ந்த பெரியவர்களும் கட்டுகிறார்கள். 1951-இல் பல்செட்டுக்கும் கண்ணாடிக்கும் கட்டணம் கொண்டுவந்தபோது, என்.எச்.எஸ்.ஸை உருவாக்கிய அனுரின் பெவனே அதை எதிர்த்து அமைச்சர் பதவியை விட்டார். அன்று நுழைந்த கட்டணம் இன்றும் போகவில்லை. நீங்கள் சர்சார்ஜ் கட்டியதால் கிடைத்திருப்பது, அவர்கள் கொடுக்கும் அதே விலையில் வைத்தியம் பார்க்கும் உரிமை. அதை விட்டுவிடாதீர்கள்.

நான் விட்டேன். 2009-இல், உங்களைப் போலவே படிக்க வந்து, ராத்திரியில் கடை வேலை பார்த்த நாட்கள். மூன்று வாரம் ஒரு பக்கமாகவே மென்று சாப்பிட்டேன். ஊரிலிருந்து கொண்டுவந்த அமோக்ஸிசிலினை நானாகவே போட்டேன். இரண்டு நாள் குறையும், பிறகு முன்னைவிட மோசமாக வரும். பல்லுக்குள் இருக்கும் அழுகலை எடுக்காமல் மாத்திரையால் மட்டும் அது தீராது என்று அப்போது எனக்குச் சொல்ல ஆளில்லை. கடைசியில் முகம் வீங்கி, கண்ணில் பட்ட முதல் கிளினிக்குக்குள் நுழைந்தேன். அது தனியார் கட்டணமா, அரசுக் கட்டணமா என்று கேட்கவே தெரியவில்லை. பல்லும் போனது, இரண்டு வார வாடகையும் போனது. அப்போது அவசரத்துக்கான அரசுக் கட்டணம் இருபது பவுண்டு கூட இல்லை என்பது பிற்பாடுதான் தெரிந்தது. இன்றும் அந்த இடத்தில் நாக்கு படும்போது நினைத்துக்கொள்வேன்.

அதனால், நாற்காலியில் உட்காரும் முன்பே வரவேற்பில் கேளுங்கள்: “இது என்.எச்.எஸ். அர்ஜென்ட் கட்டணம்தானே?” ஒரே கிளினிக்கில் இரண்டு வகையும் பார்ப்பார்கள், கேட்டால்தான் தெளிவாகும். கூச்சப்பட ஒன்றுமில்லை.

இன்னொன்று. வருமானம் குறைவு, சேமிப்பு 16,000 பவுண்டுக்குள் என்றால் ஹெச்.சி.1 என்ற விண்ணப்பம் போடலாம். ஏற்றுக்கொண்டால் ஹெச்.சி.2 சான்றிதழ் வரும். பல் கட்டணம், மருந்துக் கட்டணம் இரண்டும் முழுவதும் விலக்கு. பகுதி உதவி என்றால் ஹெச்.சி.3. கல்லூரிக் கட்டணத்துக்காக வாங்கிய கடன் அப்படியே கணக்கில் கிடந்தால் அந்த வரம்பைத் தாண்டிவிடலாம், அதைக் கவனியுங்கள். சான்றிதழ் கைக்கு வரச் சில வாரம் ஆகும். அதற்காக வைத்தியத்தைத் தள்ளாதீர்கள். இப்போது கட்டி, ரசீது வாங்கி வைத்தால், கட்டிய மூன்று மாதத்துக்குள் திரும்பக் கேட்கலாம். ஆனால் சான்றிதழ் வரும் முன்பே கிளினிக்கில் கொடுக்கும் படிவத்தில் ‘எனக்கு இலவசம்’ என்ற கட்டத்தில் டிக் போடக் கூடாது. கட்டணத்தோடு சேர்த்து 100 பவுண்டு வரை அபராதம் வரும். நம் பிள்ளைகள் சிலர் விவரம் தெரியாமல் இதில் மாட்டியிருக்கிறார்கள்.

அவசரம் தணிந்த பிறகுதான் அடுத்த முடிவு. பல்லைக் காப்பாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். முடியும் என்றால் பிடுங்க அவசரப்படாதீர்கள். என்.எச்.எஸ்.ஸில், அதே 2025 ஏப்ரல் நிலவரப்படி, ரூட் கேனால் 75.30 பவுண்டு, கேப்பும் போட வேண்டுமென்றால் எல்லாம் சேர்த்து 326.70. புது ஆட்களைச் சேர்க்கும் கிளினிக் கிடைப்பதுதான் சிரமம், ஆனால் உங்கள் பகுதியில்தான் பார்க்க வேண்டும் என்ற விதி இல்லை. பக்கத்து ஊரிலும் தேடலாம். உங்கள் ஊரிலேயே பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த பல் மருத்துவமனை இருக்கிறது. அங்கே மாணவர்கள் மேற்பார்வையில் இலவசமாகப் பார்ப்பார்கள், ஆனால் எல்லோரையும் எடுத்துக்கொள்வதில்லை, நேரமும் பிடிக்கும். மதுரைக்குப் போகும்போது செய்யலாம் என்றால், வைத்திருக்கும் தற்காலிக அடைப்பு அதுவரை தாங்குமா என்று கேட்டுவிட்டே முடிவு செய்யுங்கள். பணம் அப்போதும் இடித்தால், பல்கலைக்கழகத்தில் கஷ்ட நிதி இருக்கிறதா என்று மாணவர் சங்கத்தில் கேட்டுப் பாருங்கள். கிரெடிட் கார்டை எடுப்பதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள்.

இன்று ராத்திரிக்கு சூப்பர் மார்க்கெட்டின் சொந்த பிராண்ட் பாராசிட்டமால் போதும், மருந்து ஒன்றுதான், விலை மட்டும் குறைவு. 500 மி.கி. மாத்திரை இருபத்து நாலு மணி நேரத்தில் எட்டுக்கு மேல் வேண்டாம். இப்யூபுரோஃபென் பல்வலிக்கு நன்றாகக் கேட்கும், ஆனால் ஆஸ்துமாவோ வயிற்றுப்புண்ணோ இருந்தால் மருந்துக்கடையில் கேட்காமல் போடாதீர்கள்.

வீக்கம் கண் பக்கமோ கழுத்துப் பக்கமோ பரவினால், விழுங்கவோ மூச்சு விடவோ வாயைத் திறக்கவோ கஷ்டமாக இருந்தால், 111-க்காகக் காத்திருக்காதீர்கள். நேராக ஏ அண்ட் இ எனும் மருத்துவமனை அவசரப் பிரிவு, போக முடியாவிட்டால் ஆம்புலன்ஸுக்கு 999. அங்கே போனால் செலவாகுமோ என்று யோசிக்க வேண்டாம், சர்சார்ஜ் கட்டியிருக்கிறீர்கள். அறைத் தோழர் யாரிடமாவது இப்போதே சொல்லி வையுங்கள், ராத்திரி தனியாக இருக்க வேண்டாம்.

111-இல் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். நேரம் கிடைக்கவில்லை என்றாலும் எழுதுங்கள், அடுத்து யாரைக் கேட்கலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.