போகேயாவுக்குத் திரும்பியவர்கள்

அன்புள்ள ஐயா,

பிரான்ஸின் மார்சேய் நகரத்தைக் கி.மு. 600 வாக்கில், இன்றைய துருக்கியின் மேற்குக் கரையிலிருந்த போகேயா ஊர்க் கிரேக்கர்கள் நிறுவினார்கள் என்று ஓரிடத்திலும், பாரசீகருக்குப் பயந்து ஓடிவந்தவர்கள் நிறுவினார்கள் என்று இன்னோரிடத்திலும் படித்தேன். எது சரி? அப்புறம், கடலில் இரும்பைப் போட்டுச் சத்தியம் செய்துவிட்டுத் திரும்பிப்போன கோழைகளும் உடன் வந்திருந்தால் மேற்கே ஒரு கிரேக்கப் பேரரசே எழுந்திருக்கும் அல்லவா?

எம்.

அன்புள்ள எம்.,

கி.மு. 600தான். அங்கே கிடைத்த மிகப் பழைய கிரேக்கப் பானையோடுகள் அந்தக் காலத்தவை. பாரசீகர் போகேயாவை முற்றுகையிட்டது ஐம்பது வருஷம் கழித்து. பழைய ஆசிரியர்களிலேயே சிலர் இரண்டையும் போட்டுக் குழப்பிவிட்டார்கள். பேரரசுக் கனவை விடுங்கள், அதற்கெல்லாம் பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

ஆனால் யாரைக் கோழை என்கிறீர்கள்? கொஞ்ச நாளாக எனக்கு அவர்கள் நினைப்பாகவே இருக்கிறது. இந்தக் கதையைச் சொல்லும் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸை அவசரமாகப் புரட்டியிருக்கிறீர்கள், தம்பி. ஒரு கொத்தளத்தை இடித்து ஒரு வீட்டை விட்டுக்கொடுத்தால் போதும் என்கிறான் பாரசீகத் தளபதி ஹார்பகஸ். யோசிக்க ஒரு நாள் கேட்கிறார்கள் போகேயாக்காரர்கள், அதுவரை படையை விலக்கச் சொல்கிறார்கள். என்ன செய்யப்போகிறீர்கள் என்று தெரியும் என்றபடியே அவனும் விலக்கிக்கொள்கிறான். அந்த ஒரு நாளில் பெண்டு பிள்ளைகள், தட்டுமுட்டுச் சாமான், கோயில் விக்கிரகங்கள் என்று எல்லாம் ஆளுக்கொரு துடுப்பாக ஐம்பது பேர் வலிக்கும் கப்பல்களில் ஏறிவிட்டன. வெண்கலமும் கல்லும் ஓவியங்களும்தான் மிச்சம். பக்கத்துக் கியோஸ் தீவுக்காரர்களிடம் சில குட்டித் தீவுகளை விலைக்குக் கேட்டார்கள். தங்கள் வியாபாரம் படுத்துவிடும் என்று அவர்கள் தரவில்லை. சரி, மேற்கே கோர்சிகாத் தீவுக்கே போவோம் என்று முடிவாயிற்று. போகுமுன் ஊருக்கு வந்து பாரசீகக் காவல்படையைக் கொன்றார்கள், இரும்பைக் கடலில் போட்டு அது மேலே வரும்வரை திரும்ப மாட்டோம் என்று சத்தியம் செய்தார்கள். பாதிக்கு மேற்பட்டோருக்கு ஊர் ஏக்கம் தாங்காமல் கப்பலைத் திருப்பிவிட்டார்கள்.

எங்கே திரும்பினார்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்தீர்களா? தாங்கள் காவல்படையைக் கொன்றுபோட்ட ஊருக்கு, அதே பாரசீகனின் கைக்கு. கோழை செய்கிற காரியமா இது? சத்தியத்தைக் காத்த உங்கள் வீரர்கள் கோர்சிகாவில் அக்கம்பக்கத்தைக் கொள்ளையடித்து, வட ஆப்பிரிக்கக் கார்த்தேஜியரும் இத்தாலியின் எட்ரஸ்கரும் சேர்ந்து அடிக்க வந்தபோது 60 கப்பலில் 40ஐ இழந்தார்கள், மீதி 20 கப்பலும் முட்டும் முனை வளைந்து உதவாமல் போயின. ஐந்தாறு வருஷத்தில் அந்தத் தீவும் போயிற்று.

திரும்பியவர்களின் ஊர் என்ன ஆயிற்று என்பதையும் கேளுங்கள். கி.மு. 494இல் லாடே தீவருகே, போகேயா இருந்த கரைப்பகுதியின் அயோனியக் கிரேக்கர்கள் பாரசீகரை எதிர்த்து நின்றபோது, தீவு தர மறுத்த கியோஸ் கொண்டுவந்தது 100 கப்பல், போகேயா கொண்டுவந்தது வெறும் 3. ஆனால் மொத்தம் 353 கப்பலுக்கும் பயிற்சி கொடுத்தவன் போகேயாக்காரன் டயோனிசியஸ். ஏழு நாள் வெயிலில் வாட்டி எடுத்தான். மூணு கப்பலோடு வந்த பீற்றல்காரனுக்கு நாம் அடங்குவதா என்று முணுமுணுத்து நிழலில் போய்ப் படுத்துக்கொண்டார்கள் மற்றவர்கள். தோற்றார்கள். அவன் எதிரியின் மூன்று கப்பல்களைப் பிடித்துக்கொண்டு, கடைசியில் சிசிலிக்குப் போய்க் கடல்கொள்ளைக்காரனானான். கிரேக்கக் கப்பலைத் தொடவில்லை, கார்த்தேஜியரையும் எட்ரஸ்கரையும் மட்டும்தான் கொள்ளையடித்தான். ஹெரோடோட்டஸின் ஆறாம் புத்தகத்தில் இருக்கிறது. படித்துவிட்டு எழுதுங்கள், கோபிக்க மாட்டேன்.