‘ஃபெடரல் ஒப்புதல் முடியப்போகிறது’ என்று சொல்லிப் பணம் கேட்கிறார்: கொடுக்கலாமா?

கேள்வி: அரிசோனாவில் சாண்ட்லரில் இருக்கிறோம். கணவருக்கு எச்-1பி விசா, எனக்கு அவரைச் சார்ந்த எச்-4. இங்கேயே பிறந்த எங்கள் 9 வயது மகனுக்கு ஆட்டிசம். ஆல்டெக்ஸ் (நீண்டகாலப் பராமரிப்புக்கான மாநிலத் திட்டம்) கிடைத்துவிட்டது. பெற்றோரே பிள்ளையைப் பார்த்துக்கொண்டு சம்பளம் வாங்கும் திட்டத்துக்கான ஃபெடரல் ஒப்புதல் 2027இல் முடிகிறது, அதற்குள் பதிந்தவர்களுக்குத்தான் தொடரும் என்கிறார் ஓர் ஆலோசகர். கட்டணம் 600 டாலர். விசா இடைஞ்சலாக இருந்தால் நாத்தனார் பெயரில் வேலை நேரத்தைக் காட்டிக்கொள்ளலாமாம். சேரலாமா?

பதில்: சேராதீர்கள். அந்த 600 டாலரையும் கொடுக்காதீர்கள். பெற்றோரை வேலைக்கு எடுப்பவை மாநிலத்துடன் ஒப்பந்தம் உள்ள ஏஜென்சிகள். அவற்றுக்கு வருமானம் மெடிகெய்ட் என்ற அரசு மருத்துவ உதவித் திட்டத்திலிருந்து வருகிறது. குடும்பத்திடம் பதிவுக் கட்டணம் என்று ஒன்று கிடையாது.

அவர் சொன்னதில் தேதி மட்டும் சரி. மெடிகெய்ட் செலவில் பெரும்பகுதியை வாஷிங்டன் கொடுக்கிறது. அதனால் வழக்கமான விதியை விட்டு விலகி ஒரு சேவையைத் தர வேண்டுமானால், மாநிலம் சிஎம்எஸ் என்ற ஃபெடரல் அலுவலகத்திடம் அனுமதி வாங்க வேண்டும். 1982இல் கடைசி மாநிலமாக மெடிகெய்டில் சேர்ந்த அரிசோனா, அன்றிலிருந்தே 1115 பிரிவின் சிறப்பு அனுமதியில்தான் மொத்தத் திட்டத்தையும் ஓட்டுகிறது. அந்த அனுமதிக்குக் காலக்கெடு உண்டு. இப்போதைய கெடு 2027 செப்டம்பர் 30. ஆக, ‘ஒப்புதல் முடியப்போகிறது’ என்ற பேச்சு இந்த மாநிலத்தில் எந்த ஆண்டு சொன்னாலும் பொய்யாகாது. ஆளை அவசரப்படுத்த இதைவிட வசதியான வாக்கியம் வேண்டுமா?

முந்தைய அனுமதி 2021 செப்டம்பரில் முடிய வேண்டியது. அதை நீட்டித்தார்கள், புதியது 2022 அக்டோபர் 14 அன்று வந்தது. இடையில் யாருக்கும் திட்டம் இழுத்து மூடப்படவில்லை. பெற்றோர் சம்பளமும் அப்படித்தான்: 2020இல் கொரோனாவுக்காகத் தற்காலிகமாக வந்தது, இடைக்கால அனுமதியில் நீண்டது, 2024 பிப்ரவரியில் முறையான ஒப்புதல் பெற்றது. இந்த ஒப்புதல் கதவுக்குப் பின்னால் ரகசியமாக நடப்பதும் இல்லை. புதுப்பிக்கும்போது மாநிலம் 30 நாள், ஃபெடரல் அரசு 30 நாள் பொதுமக்கள் கருத்தைக் கேட்டாக வேண்டும். முன்பே பதிந்துவைத்ததால் மட்டும் யாருக்கும் உரிமை உறுதியாகிவிடாது.

உண்மையில் நீங்கள் பயப்பட வேண்டியது வேறு. ஒப்புதல் என்பது வீடு கட்ட நகராட்சி தரும் அனுமதி போன்றது. செங்கல்லுக்குப் பணம் அதில் வராது. பணத்தை ஒதுக்குவது மாநிலச் சட்டமன்றம். 2025 வசந்த காலத்தில் ஃபெடரல் ஒப்புதல் கையில் இருந்தும், வளர்ச்சிக் குறைபாடு உள்ளோருக்கான மாநிலப் பிரிவான டிடிடியில் சுமார் 12 கோடி டாலர் பற்றாக்குறை. ஆளுநரும் சட்டமன்றமும் யார் குற்றம் என்று சண்டை போட்டுக்கொண்டிருக்க, பிள்ளைகளைக் கவனிக்க வேண்டிய பெற்றோர் ஃபீனிக்ஸ் சட்டமன்றத்துக்குப் போய் முறையிட வேண்டியிருந்தது. ஏப்ரல் கடைசியில்தான் நிதி தரும் சட்டம் கையெழுத்தானது. வெட்கக்கேடு. ஆலோசகர்கள் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை, ஏனென்றால் இதற்குக் கட்டணம் வாங்க முடியாது.

உங்கள் மகனின் சேவையில் ஏதாவது மாற்றம் வந்தால் அது வாட்ஸ்அப் வதந்தியாக வராது, தேதியிட்ட கடிதமாக வரும். நடந்துகொண்டிருக்கும் சேவையைக் குறைப்பதென்றால் பொதுவாக 10 நாள் முன்னதாக எழுத்தில் சொல்ல வேண்டும். மேல்முறையீட்டுக்கு 60 நாள் உண்டு என்று அதில் இருக்கும். அதை நம்பி உட்காராதீர்கள். கடிதம் அனுப்பிய 10 நாளுக்குள், அல்லது குறைப்பு தொடங்கும் நாளுக்குள், எது பிந்தியதோ அதற்குள் மேல்முறையீடு செய்து, ‘முடிவு வரும்வரை பழைய சேவை தொடர வேண்டும்’ என்றும் தனியாக எழுதுங்கள். தோற்றால் அந்த இடைக்காலச் செலவைத் திருப்பிக் கேட்கக்கூடும், தெரிந்தே செய்யுங்கள். உறையைத் தூக்கிப்போடாதீர்கள், அதன் மேல் அஞ்சல் தேதி இருக்கிறது.

இனி விசா. இதைத்தான் நீங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டும். மகன் அமெரிக்கக் குடிமகன்; ஆல்டெக்ஸ் அவனுடையது. பிள்ளைக்கு ஆல்டெக்ஸ் தரும்போது பெற்றோர் வருமானத்தைக் கணக்கில் எடுப்பதில்லை, உங்கள் விசாவும் அவன் தகுதியைக் கெடுக்காது. ஆனால் பெற்றோர் சம்பளம் என்பது உதவித்தொகை அன்று, வேலை. ஏஜென்சி உங்களை ஊழியராகச் சேர்த்து, வேலை செய்யும் உரிமைக்கான ஆவணம் கேட்கும். இஏடி என்ற வேலை அனுமதி அட்டை இல்லாத எச்-4 தாய் அந்தச் சம்பளத்தை வாங்கக் கூடாது. சொந்தப் பிள்ளைக்குச் சோறு ஊட்டுவது எப்படி வேலையாகும் என்று கேட்பீர்கள். ஊட்டுவது தாய்மை, அதற்கு மணிக்கு இத்தனை டாலர் என்று வாங்கினால் குடியேற்றச் சட்டத்தின் கண்ணில் அது வேலை. எச்-1பி கணவரும் வார இறுதியில்கூட இதைச் செய்ய முடியாது, அவருடைய விசா அவர் நிறுவனத்தோடு கட்டப்பட்டது. கிரீன் கார்டு நேர்காணலில் இது கேள்வியாக வரும்போது, 600 டாலர் வாங்கியவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க மாட்டார். கணவரின் ஐ-140, அதாவது கிரீன் கார்டுக்காக அவர் நிறுவனம் போடும் மனு, ஒப்புதலாகிவிட்டதா என்று பாருங்கள்; ஆகியிருந்தால் நீங்கள் இஏடிக்கு விண்ணப்பிக்கலாம். அட்டை கைக்கு வந்த பிறகு தாராளமாக ஏஜென்சியில் சேருங்கள்.

நாத்தனார் பெயரில் எழுதுவது மோசடி. வேலைக்கு வந்த நேரமும் போன நேரமும் மின்னணு முறையில் பதிவாகின்றன. அவரே வேலை அனுமதி, கைரேகைச் சான்று, முதலுதவிப் பயிற்சி எல்லாம் வைத்திருந்து, உண்மையாகவே வந்து பார்த்துக்கொண்டால் அது வேறு விஷயம்.

நீங்கள் சம்பளம் வாங்க முடியாததால் மகனின் நேரம் வீணாக வேண்டியதில்லை. மகனின் சேவைகளை ஒருங்கிணைக்கும் சப்போர்ட் கோஆர்டினேட்டரை அழைத்து, அவனுக்கு எத்தனை மணி நேரம் ஹாபிலிடேஷன் (திறன் பயிற்சி), அட்டெண்டன்ட் கேர் (அன்றாடப் பராமரிப்பு), ரெஸ்பைட் (பெற்றோர் ஓய்வெடுக்க மாற்றுப் பராமரிப்பு) ஒதுக்கியிருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். ஏஜென்சிகளின் பட்டியலையும் கேளுங்கள். வெளியாள் வந்து செய்யட்டும்.

அந்த ஆலோசகரிடம் மகனின் ஆக்ஸஸ் (அரிசோனாவின் மெடிகெய்ட்) உறுப்பினர் எண்ணைக் கொடுத்துவிட்டீர்களா? 2023இல் அரிசோனாவில் வெடித்த போதை மீட்பு இல்ல ஊழலில், தராத சிகிச்சைக்கெல்லாம் நோயாளிகள் பெயரில் பில் போட்டுத்தான் கொள்ளையடித்தார்கள். கொடுத்திருந்தால் ஆக்ஸஸின் இன்ஸ்பெக்டர் ஜெனரல் அலுவலகத்துக்கு இந்த வாரமே எழுதிப் போடுங்கள். அவர் அனுப்பிய செய்திகளையும் அழிக்காமல் வைத்திருங்கள்.