எக்ஸ்ரே நார்மல்னு வந்துடுச்சு, அப்புறம் எதுக்கு எம்ஆர்ஐ?

கடலூர் மஞ்சக்குப்பத்துல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க. ஆறு வயசு பையன், நாலு நாளா காய்ச்சல், முட்டிக்குக் கீழ வலி, கால ஊன மாட்டேங்கிறான். எக்ஸ்ரேல ஒன்னும் இல்ல, ஆனா டாக்டர் எலும்புல இன்ஃபெக்ஷன் இருக்கலாம், எம்ஆர்ஐ எடுங்கங்கிறார். ஒரு வாரம் பாத்துட்டு இன்னொரு எக்ஸ்ரே எடுத்தா போதாதா, ரேடியேஷன் வேற பயமா இருக்கேன்னு கேக்குறாங்க.

வேணாம்மா, ஒரு வாரம்லாம் பாக்காதீங்க. ஸ்கேன் எழுதினாலே காசு புடுங்கறாங்கன்னு தோணுறது சகஜம், சில இடத்துல அது உண்மையும் கூட, ஆனா இதுல உங்க டாக்டர் சொல்றது சரி.

எக்ஸ்ரேல தெரியிறது எலும்புல இருக்கிற சுண்ணாம்புச் சத்துதான். அதுல 30லருந்து 50 சதவீதம் கரைஞ்சாதான் படத்துல மாத்தம் தெரியும், அதுக்கு 10லருந்து 14 நாள் ஆயிடும், அதுக்குள்ள உள்ள சீழ் கட்டி எலும்போட ஒரு பகுதியே செத்துப்போகலாம். பசங்களுக்கு இந்தக் கிருமி பெரும்பாலும் ரத்தத்துல வந்து, நீள எலும்போட வளர்ற முனைகிட்ட, அதாவது முட்டிக்கு மேலயோ கீழயோதான் அதிகமா தங்கும், ஏன்னா அங்க ரத்த ஓட்டம் மெதுவா இருக்கும். உங்க பையனுக்கு வலிக்கிற இடமும் அதுதான். எடுத்த எக்ஸ்ரே வீண் இல்ல, எலும்பு முறிவு, கட்டி மாதிரி வேற ஏதும் இருக்கான்னு பாக்கவும் பின்னாடி ஒப்பிடவும் அது வேணும், பத்திரமா வைங்க.

எம்ஆர்ஐல ரேடியேஷனே கிடையாது, காந்தம்தான். எலும்பு மஜ்ஜைல நீர் கோத்திருக்கிறத முதல் சில நாள்லயே காட்டிடும், சீழ் எங்க எவ்வளவுன்னும் தெரியிறதால ஆபரேஷன் வேணுமா, மருந்து போதுமான்னு முடிவு பண்ணலாம். அல்ட்ராசவுண்ட் மலிவு, எலும்பு மேல கட்டின சீழும் மூட்டுல தேங்குன தண்ணியும் தெரியும், ஆனா எலும்புக்குள்ள பாக்க முடியாது, அதனால அது நார்மல்னு வந்தா நிம்மதியாயிடாதீங்க. எங்க வலின்னு சொல்லத் தெரியாத சின்னக் குழந்தைன்னா சில சமயம் போன் ஸ்கேன், அதாவது உடம்புல இருக்கிற எலும்பையெல்லாம் பாக்குற ஸ்கேன் கேப்பாங்க, அதுல கொஞ்சம் ரேடியேஷன் உண்டு.

இதவிட முக்கியம், ஆன்டிபயாடிக் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பிளட் கல்ச்சர், அதாவது ரத்தத்துல என்ன கிருமின்னு வளர்த்துப் பாக்குற டெஸ்ட் எடுத்தாச்சான்னு கேளுங்க, கூடவே உடம்புல அழற்சி எவ்வளவுன்னு காட்டுற சிஆர்பி, இஎஸ்ஆர் ரத்த டெஸ்ட்டும். எம்ஆர்ஐக்கு நாளைக்குத்தான் நேரம் கிடைக்குதுன்னா அதுக்காக மருந்தத் தள்ளிப்போட வேணாம், ஊசி ஆரம்பிச்சு ஒன்னு ரெண்டு நாள் கழிச்சு எடுத்தாலும் படத்துல தெரியும். சுளுக்குன்னு யாராவது எண்ணெய் போட்டு உருவி விடச் சொன்னா தயவுசெஞ்சு வேணாம். கடலூர்ல லேட் ஆகும்னா புதுச்சேரி ஜிப்மருக்குப் போகலாமான்னு டாக்டர்கிட்டயே கேளுங்க, காய்ச்சல் ஏறி பையன் சோர்ந்து போனா கேட்டுட்டு இருக்காம உடனே எமர்ஜென்சிக்குத் தூக்கிட்டுப் போங்க.

ஸ்கேன் அரை மணி முக்கா மணி ஆகும், தடதடன்னு சத்தம் வரும், ஆடாம படுக்கணும். ஆறு வயசுன்னா பேசிப் படுக்க வைக்கலாம், முடியலன்னா மயக்க மருந்து கொடுப்பாங்க, அதுக்கு வழக்கமா 6 மணி நேரம் முன்னாடியே சாப்பாடு, பால் எல்லாம் நிறுத்தணும், தண்ணி 2 மணி நேரம் முன்னாடி வரைக்கும் சரி. இடுப்புல வெள்ளி அரைஞாண், தாயத்து, காப்பு இருந்தா வீட்லயே கழட்டி வச்சுட்டுப் போங்க, இல்லன்னா ஸ்கேன் ரூம் வாசல்ல நின்னு கத்தரிக்கோல் தேடணும்.