ரெண்டர் முடிந்தது, வீடியோவைக் காணோம்: கேள்வி பதில்

பிளெண்டர், க்ரிதா, பென்சில்2டி, ஓப்பன்டூன்ஸ் போன்ற இலவச அனிமேஷன் மென்பொருள்களில் வீடியோ எடுக்கும்போது வரும் தொல்லைகளைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ரெண்டர் என்றால் செய்த காட்சியைக் கணக்கிட்டுப் படமாகவோ வீடியோவாகவோ வெளியே எடுப்பது; ஃபிரேம் என்றால் அதில் ஒரு தனிப் படம். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

அண்ணா, பிளெண்டரில் 900 ஃபிரேம் ரெண்டர் போட்டேன். 700ஐத் தாண்டியபோது கரண்ட் போய்விட்டது. எம்பி4 ஃபைல் அங்கேயே இருக்கிறது, சைஸும் காட்டுகிறது. ஆனால் எந்த பிளேயரும் திறக்க மாட்டேன் என்கிறது. மீட்க வழி உண்டா?

பெரும்பாலும் இல்லை தம்பி. எந்த ஃபிரேம் ஃபைலுக்குள் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையை எம்பி4 வழக்கமாகக் கடைசியில்தான் எழுதும். அதற்கு முன்பே நின்றுவிட்டால் 700 ஃபிரேமும் உள்ளே இருக்கும், ஆனால் பிளேயருக்கு வழி தெரியாது. பழுது பார்க்கும் மென்பொருள்கள் சில உண்டு. அவற்றோடு மல்லுக்கட்டும் நேரத்தில் மறுபடி ரெண்டரே போட்டுவிடலாம்.

எனக்கும் இதே கதி வந்திருக்கிறது. ஒரு ராத்திரி முழுக்க ஓடியது விடியற்காலையில் போயிற்று. அன்றிலிருந்து நேராக வீடியோவாக ரெண்டர் போடுவதே இல்லை. அவுட்புட்டில் பிஎன்ஜி என்று வையுங்கள். ஒவ்வொரு ஃபிரேமும் 0001, 0002 என்று தனிப் படமாக விழும். 712இல் கரண்ட் போனால் 711 படம் பத்திரம். திரும்ப ஆரம்பிக்கும்போது 'ஓவர்ரைட்' டிக்கை எடுத்துவிட்டால், ஏற்கெனவே இருக்கும் படங்களைத் தாண்டிப் போய்விடும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: கடைசியாக எழுதிய படம் பாதியில் நின்றிருக்கலாம். அதை அழித்துவிட்டு ஆரம்பியுங்கள்.

நீங்கள் முன்பொரு முறை சொன்னபடி படங்களாக எடுத்து, புது ஃபைலில் பிளெண்டரின் வீடியோ சீக்வென்சரில் (துண்டுகளை வரிசையாக அடுக்கும் இடம்) கோத்தேன். 10 விநாடியோடு வெட்டிவிடுகிறது. நிறமும் வெளிறிப் போயிருக்கிறது.

இரண்டும் தனித்தனிப் பிரச்சினை. புது ஃபைலில் கடைசி ஃபிரேம் 250 என்றுதான் இருக்கும். விநாடிக்கு 24 வீதம் அது பத்து விநாடிச் சொச்சம். உங்கள் கணக்குக்கு மாற்றிவிடுங்கள்.

நிறத்துக்குக் காரணம் வேறு. 3டி காட்சியை ரெண்டர் போடும்போதே 'வியூ டிரான்ஸ்ஃபார்ம்' ஒருமுறை நிறத்தைப் பதப்படுத்திவிடுகிறது. பிளெண்டர் 4.0இலிருந்து அது ஏஜிஎக்ஸ், அதற்கு முன் ஃபில்மிக். அந்தப் படங்களைக் கோத்து வெளியே எடுக்கும்போது அதே வேலை இன்னொரு தரம் நடக்கிறது. அவித்த முட்டையை மறுபடி அவித்த கதை. கோக்கும் ஃபைலில் கலர் மேனேஜ்மென்ட் போய் 'ஸ்டாண்டர்ட்' என்று வையுங்கள். 3டி ஃபைலில் கை வைக்க வேண்டாம்.

சத்தமே வரவில்லை சார். டைம்லைனில் கேட்கிறது.

பிளெண்டர்தானே? என்கோடிங் பகுதியில் ஆடியோ கோடெக் (சத்தத்தைச் சுருக்கிச் சேமிக்கும் முறை) 'நோ ஆடியோ' என்று இருக்கும். ஏஏசி என்று மாற்றுங்கள். ஏன் அப்படி வைத்துத் தருகிறார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள்.

இன்ஸ்டாகிராமுக்காக 1080க்கு 1350 அளவில் செய்தேன். முழு அளவில் வீடியோ வருகிறது. சோதனைக்காகப் பிளெண்டரில் அளவை 50 சதவீதம் வைத்தால், கோடெக் தொடங்கவில்லை என்பதுபோல ஏதோ சொல்லி நின்றுவிடுகிறது.

இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தது. 1350இல் பாதி எவ்வளவு? 675, ஒற்றைப்படை. எம்பி4 வீடியோவைச் சுருக்கப் பயன்படும் எச்.264 என்ற கோடெக், வழக்கமான முறையில் நிறத்தை ஒவ்வொரு புள்ளிக்கும் சேமிப்பதில்லை. இரண்டுக்கு இரண்டு என்று நான்கு புள்ளிக்குச் சேர்த்து ஒரே நிறத் தகவல்தான். அதனால் அகலமும் உயரமும் இரட்டைப்படையாக இருந்தே ஆக வேண்டும். 60 சதவீதம் வையுங்கள், 648க்கு 810 வரும். க்ரிதாவில் கேன்வாஸை இஷ்டத்துக்கு வெட்டுகிறவர்களும் இதில்தான் மாட்டுவார்கள்.

பென்சில்2டியில் மூவி எக்ஸ்போர்ட் கொடுத்தால் எஃப்எஃப்எம்பெக் இல்லை என்கிறது. விண்டோஸ். அது என்ன, எங்கே கிடைக்கும்?

படங்களை வீடியோவாகக் கட்டுகிற தனி நிரல் அது. நீங்கள் தேடிப் போக வேண்டியதில்லை, இறக்கிய ஜிப்புக்குள்ளேயே பிளகின்ஸ் ஃபோல்டரில் இருக்கிறது. ஜிப்பைப் பிரிக்காமலே திறந்தீர்களா? அல்லது ஐகானை மட்டும் டெஸ்க்டாப்புக்கு இழுத்துவிட்டீர்களா? மொத்தத்தையும் ஒரே ஃபோல்டரில் பிரித்து, டெஸ்க்டாப்பில் ஷார்ட்கட் மட்டும் வையுங்கள்.

க்ரிதாவில் 5.2 முதல் இது கூடவே வருகிறது. பழையது வைத்திருந்தால் புதுப்பியுங்கள். ஓப்பன்டூன்ஸில் எம்பி4 என்ற பெயரே பட்டியலில் இல்லையென்றால், பிரிஃபரன்சஸில் இம்போர்ட்/எக்ஸ்போர்ட் பகுதியில் எஃப்எஃப்எம்பெக் இருக்கும் ஃபோல்டரைக் காட்டிவிட்டு, மூடித் திறக்க வேண்டும்.

எம்பி4 இல்லாததால் ஓப்பன்டூன்ஸில் ஏவிஐ எடுத்து நேராகப் பென் டிரைவில் போட்டேன். 28, 29 விநாடியில் நின்றுவிடுகிறது, எத்தனை முறை செய்தாலும்.

எத்தனை முறை செய்தாலும் அதே இடம் என்று சொன்னீர்களே, அதுதான் துப்பு. நீங்கள் எடுத்தது சுருக்காத ஏவிஐ. 1920க்கு 1080இல் ஒரு ஃபிரேம் 62 லட்சம் பைட். 24 ஃபிரேம் சேர்ந்தால் விநாடிக்குக் கிட்டத்தட்ட 15 கோடி. பென் டிரைவ் ஃபேட்32 என்ற பழைய சேமிப்பு முறையில் இருந்தால் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டாது, அதாவது சுமார் 429 கோடி பைட். வகுத்துப் பாருங்கள், 28 விநாடிச் சொச்சம் வரும். கம்ப்யூட்டரிலேயே எடுத்து எம்பி4 ஆக்கிவிட்டு அப்புறம் பென் டிரைவுக்கு மாற்றுங்கள்.

என் அக்காவின் எடிட்டிங் வேலைக்குப் பின்னணி இல்லாத பாத்திரம் மட்டும் வேண்டும். எம்பி4இல் எடுத்தால் பின்னால் கறுப்பாகவே வருகிறது.

எச்.264 எம்பி4இல் ஒளிபுகும் பின்னணியை வைக்கவே முடியாது, எந்த அமைப்பை மாற்றினாலும். முதலில் பிளெண்டரில் ரெண்டரின் ஃபிலிம் பகுதியில் 'டிரான்ஸ்பரன்ட்' டிக் செய்து, நிறம் ஆர்ஜிபிஏ (நிறத்தோடு ஒளிபுகும் தகவலும் சேர்ந்தது) என்று வைத்துப் பிஎன்ஜி படங்களாக எடுங்கள். அக்கா எடிட்டிங்கில் எதைப் பயன்படுத்தினாலும் அநேகமாக அதை அப்படியே எடுத்துக்கொள்ளும். ஒரே ஃபைலாகத்தான் வேண்டும் என்றால் குயிக்டைமில் பிஎன்ஜி கோடெக் போட்டுக் கொடுங்கள். சைஸ் பெரிதாக இருக்கும், அதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.