பந்து வராத நேரத்தில் மகனைப் பாருங்கள்

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. சென்னையில் கால்பந்து லீக் ஆடும் ஒரு கிளப்பில் ஸ்டாப்பர் பேக், அதாவது கோலுக்கு முன்னால் நடுவில் நின்று தடுப்பவன். இரண்டு சீசனில் ஆறு ஆட்டங்களில்தான் தொடக்கத்திலிருந்து ஆடியிருக்கிறான். கடைசி ஆட்டத்தில் அவன் காலில் பட்ட பந்து எங்கள் கோலுக்குள்ளேயே போய் சேம் சைடு கோல் ஆகிவிட்டது. அன்றிலிருந்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். அவனோடு சேர்ந்த ஃபார்வர்டு பையன் எல்லா ஆட்டத்திலும் இறங்குகிறான். கோச்சைக் கேட்டால் 'பொறுங்கள் அம்மா' என்கிறார். இவன் அணியில் நிலையான இடம் பிடிப்பானா? ஆட்டம் தெரியாத நான் எதைப் பார்த்து முடிவு செய்வது?

– ஒரு தாய், வடசென்னை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த சேம் சைடு கோலை மனதிலிருந்து இறக்கி வைத்துவிடுங்கள். கோலுக்கு முன்னால் நிற்பவன் மேல்தான் பந்து படும். 2022 ஆகஸ்டில் பிரான்சைச் சேர்ந்த ஸ்டாப்பர் வில்லியம் சலிபா இங்கிலாந்தின் ஆர்சனல் அணிக்காகச் சொந்த மைதானத்தில் தன் முதல் லீக் ஆட்டத்தை ஆடினார். லெஸ்டருக்கு எதிரான அந்த ஆட்டத்தில் பந்தைத் தலையால் தன் கோலுக்குள்ளேயே தள்ளிவிட்டார். அப்போது அவருக்கு 21 வயது. அடுத்த வாரமே போர்ன்மத் அணிக்கு எதிராக இடது காலால் வளைத்து அடித்து ஒரு கோல் போட்டார். 2023-24 சீசனில் லீக்கின் 38 ஆட்டங்களையும் ஒரு நிமிடம் விடாமல் ஆடி முடித்தார்.

அதற்கு முந்தைய கதைதான் உங்களுக்கு வேண்டியது. ஆர்சனல் அவரை 2019இல் 2.7 கோடி பவுண்டு கொடுத்து வாங்கியது. ஆனால் மூன்று ஆண்டுகள் ஒரு லீக் ஆட்டத்தில்கூட அவரை இறக்கவில்லை. செயின்ட் எட்டியேன், நீஸ், மார்செய் என்று பிரான்சிலேயே கடனாக ஆட விட்டார்கள். மார்செய்யில் ஒரே சீசனில் ஐம்பது ஆட்டங்களுக்கு மேல் ஆடினார். அந்த ஆண்டு பிரெஞ்சு லீக்கின் சிறந்த இளம் வீரர் விருதும் அவருக்குத்தான். திறமை முன்பே இருந்தது. அதைப் பழுக்க வைத்தது அந்த ஐம்பது ஆட்டங்கள்.

ஃபார்வர்டு பையனோடு உங்கள் மகனை ஒப்பிடாதீர்கள், அது நியாயமே இல்லை. அணி பின்தங்கியிருந்தால் எழுபதாவது நிமிடத்தில் கோச் புதிய ஃபார்வர்டை இறக்குவார். அந்தப் பையன் இருபது நிமிடம் ஓடிவிட்டு வந்தாலும் அது அவனுக்குப் பாடம். நடுவில் நிற்கும் இரண்டு ஸ்டாப்பர்களை, ஒருவருக்குக் காயம் பட்டாலொழிய, எந்தக் கோச்சும் எளிதில் மாற்ற மாட்டார். இருவருக்கும் பழகிப்போன இடைவெளி ஒன்று இருக்கும், அதைக் கலைக்க மனம் வராது. 19 வயதில் இந்த இடத்தில் ஆறு ஆட்டம் என்பது குறைவில்லை.

இனி எதைப் பார்ப்பது என்று சொல்கிறேன். நான் பல ஆண்டுகள் ஸ்டாப்பராக ஆடியவன், பிறகு பையன்களுக்குப் பயிற்சி கொடுத்தவன். நீங்கள் மைதானத்துக்குப் போனால் பந்தைப் பார்க்காதீர்கள், அவனை மட்டும் பாருங்கள். பந்து எதிர் கோல் பக்கம் இருக்கும்போது அவன் இடுப்பில் கை வைத்து வேடிக்கை பார்க்கிறானா? அல்லது நான்கைந்து விநாடிக்கு ஒருமுறை கழுத்தைத் திருப்பித் தன் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கிறானா? பாதம் இரண்டும் நேராகப் பதிந்திருக்கிறதா, அல்லது உடம்பைச் சற்று ஒருக்களித்து, எந்தப் பக்கமும் ஓடத் தயாராக நிற்கிறானா? பந்து தலைக்கு மேல் பறந்து வரும்போது, நேராக நிற்பவன் திரும்புவதற்குள் ஃபார்வர்டு இரண்டு அடி முன்னால் போய்விடுவான். இதைப் பார்க்க ஆட்டம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

சறுக்கி விழுந்து பந்தைப் பறித்தால் கூட்டம் கைதட்டும். நீங்கள் தட்டாதீர்கள். ஒரு ஆட்டத்தில் நாலைந்து முறை அவன் சறுக்க வேண்டியிருந்தால், நாலைந்து முறை தாமதமாகப் போயிருக்கிறான் என்று பொருள். நல்ல ஸ்டாப்பரின் சட்டையில் பல நாள் மண்ணே இருக்காது.

குரலையும் கவனியுங்கள். நான் பயிற்சி கொடுத்தவர்களில் ஒரு பையன் வீட்டில் வாயே திறக்க மாட்டான். கார்னர் வந்தால் மட்டும் முப்பது வயது கோல்கீப்பரை "நீங்கள் வெளியே வாருங்கள், அவனை நான் பிடிக்கிறேன்" என்று அதட்டுவான். கோல்கீப்பரும் வருவார். பெரியவர்கள் அவன் சொல் கேட்டு நகர்ந்த நாளில்தான் அவன் தேறிவிட்டான் என்று எனக்குத் தெரிந்தது.

எல்லாவற்றையும்விட நான் பெரிதாக நினைப்பது, தவறு செய்த பிறகு வரும் ஐந்து நிமிடம். சேம் சைடு கோலுக்குப் பின் உங்கள் மகன் பந்தைக் கேட்டு வாங்கினானா? அல்லது காலில் வந்ததையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வெளியே அடித்தானா? நீங்கள் பார்க்கவில்லை என்றால், பார்த்த யாரிடமாவது கேளுங்கள். பயந்து ஒளிந்திருந்தாலும் கலங்க வேண்டாம், அது பழக்கத்தில் சரியாகும். ஆனால் அதற்கு ஆட்டம் வேண்டும், பெஞ்சில் உட்கார்ந்து அது வராது.

உடல் வலுவைப் பற்றி இப்போதே கவலை வேண்டாம். நெதர்லாந்தின் புகழ்பெற்ற ஸ்டாப்பர் வான் டைக் இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் கால் வைத்தபோது அவருக்கு 24 வயது. வான்வழிப் பந்தில் இன்று தோற்பவன் 22 வயதில் ஜெயிக்கலாம். உண்மையையும் சொல்லிவிடுகிறேன்: முப்பது, நாற்பது ஆட்டங்கள் தொடர்ந்து ஆடிய பிறகும் அதே இடத்தில் அதே தவறு திரும்பத் திரும்ப வந்தால், அப்போது மறுபடி யோசிக்க வேண்டியதுதான். ஆறு ஆட்டத்தை வைத்து யாராலும் தீர்ப்புச் சொல்ல முடியாது, உங்கள் கோச்சாலும் முடியாது.

அதனால் கோச்சிடம் 'எப்போது இறக்குவீர்கள்' என்று கேட்காதீர்கள். 'இவன் எதைச் சரிசெய்தால் இறக்குவீர்கள்' என்று கேளுங்கள். 'இடது காலால் பாஸ் வரவில்லை', 'பின்னால் ஓடும் ஆளை விட்டுவிடுகிறான்' என்று குறிப்பாகச் சொன்னால், அவர் உங்கள் மகனைக் கவனிக்கிறார், காத்திருக்கலாம். மறுபடியும் 'பொறுங்கள்' மட்டும்தான் பதில் என்றால், அடுத்த சீசனுக்குக் கீழ் டிவிஷனில் ஆட்டம் தரும் அணிக்கு மாற்றிவிடுங்கள். கீழே இறங்குவதில் அவமானம் எதுவும் இல்லை.

படிப்பை மட்டும் எக்காரணத்துக்கும் நிறுத்த வேண்டாம். கல்லூரி அணி, பல்கலைக்கழக அணி என்று ஆடினால் அங்கும் ஆட்டங்கள் கிடைக்கும். ரயில்வே போன்ற இடங்களில் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அந்தச் சான்றிதழும் கைகொடுக்கும்.

அடுத்த முறை அவன் இறங்கும்போது பக்கவாட்டில் உட்காராமல் உங்கள் அணியின் கோல் கம்பத்துக்குப் பின்னால் போய் நில்லுங்கள். அவன் கழுத்து எத்தனை முறை திரும்புகிறது என்று முதல் பத்து நிமிடம் எண்ணிப் பார்த்து எனக்கு எழுதுங்கள்.